பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு கச்சேரி

வீட்டில் அமர்ந்து சங்கீதம் கேட்பதற்கென்று ஓர் அறையை ஒதுக்க முடிந்தவர்கள் நம்மில் சிலரே; அப்படி ஒதுக்கப்படும் அறையும், வீட்டிலுள்ளவற்றில் எது மிகச் சிறியதோ, எது வேறெந்தக் காரியத்துக்கும் போதாதென்று கைவிடப்பட்டதோ, அதுவாகத்தான் பெரும்பாலும் அமைகிறது. எனக்கு வாய்த்த அறை பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் பத்தடி உயரமும் கொண்டது. மொசைக் தரை, பூச்சு பூசி வெள்ளையடித்த செங்கல் சுவர், ஒரு மூலையில் இரும்பு பீரோ, கிழக்கே ஒரு ஜன்னல். இந்த அளவுகளை இத்தனை நுணுக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பீக்கர் வாங்கப் புறப்படுகிறவர் கடைக்குப் போகுமுன் கையில் எடுக்க வேண்டிய முதல் கருவி இஞ்ச் டேப்தான் என்பதை, கணிசமான பணத்தையும் இரண்டு வருஷ காலத்தையும் செலவிட்ட பின்னரே நான் அறிந்துகொண்டேன்.

முதன்முறை நான் வாங்கியவை மார்பளவு உயரத்தில், தரையிலேயே நிற்கும் பெரிய ஸ்பீக்கர்கள். அவற்றைக் கேட்டுத் தேர்ந்தது விசாலமான ஒரு கடைக்கூடத்தில். அங்கே மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றை ஒலிக்கச் செய்தபோது, தொப்பி என்னும் இடப்பக்கத் தோலிலிருந்து எழுந்த கும்கி என்னும் வழுக்கு நாதம் வயிற்றில் வந்து தொட்டதுபோல் இருந்தது. பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அதே பெட்டிகளும் அதே ஆம்ப்ளிஃபயரும் அதே இசைத்தட்டும் என் அறைக்கு வந்ததும் வேறு பிறவி எடுத்துவிட்டன. கும்கி தனக்குரிய இடத்தில் அடங்காமல் அடுத்த சொல்லின் மேலும் அதற்கடுத்த சொல்லின் மேலும் படர்ந்தது. தம்புராவின் மந்தர ஷட்ஜம் நான் தலையை அசைக்க அசைக்கப் பெருத்தும் மெலிந்தும் கேட்டது. பீரோவின் கதவு ரீங்கரித்தது.

மாடியில் குடியிருந்த பெரியவர் ஒருவர் நாற்பது வருஷம் மிருதங்கம் வாசித்தவர். அவரை அழைத்துக் கேட்கச் செய்தேன். கண்களை மூடிச் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, "தம்பி, வித்வான் சுத்தமாத்தான் வாசிக்கிறார், உங்க ரூம்தான் கூடச் சேர்ந்து வாசிக்குது" என்றார்.

"பெட்டியில கோளாறு இல்லைங்களா, ஐயா?"

"மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போய் வச்சுப் பாருங்க, தெரியும்."

மறுநாள் மாலை அப்படியே செய்தோம். திறந்த வெளியில், நான்கு பக்கமும் சுவரின்றி, அந்தக் கும்கி விழுந்த கணத்தில் விழுந்து, அடங்க வேண்டிய கணத்தில் அடங்கியது.

மாடியில் நேர்ந்ததன் காரணம் பௌதிகத்தின் பாலபாடங்களில் ஒன்று. நம் ஊர் வெப்பத்தில் சப்தம் விநாடிக்கு ஏறத்தாழ 1,145 அடி வேகத்தில் செல்கிறது. எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே மோதித் திரும்பும் ஓர் அலையின் பாதி நீளம், அச்சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்தோடு சரியாகப் பொருந்திவிடுமானால், போகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு, ஊஞ்சலை அது திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளினால் சிறு கைவிசையிலேயே அது உயர உயரப் போவதைப் போல, சிறு சப்தத்தைப் பெருஞ்சப்தமாக்கிவிடுகின்றன. பத்தடிக்குப் பொருந்தும் அதிர்வெண் 57 ஹெர்ட்ஸ். பன்னிரண்டடிக்குப் பொருந்துவது 48. அகலமும் உயரமும் ஒரே அளவாக அமைந்த என் அறையில், 57 என்ற அந்த அதிர்வு பக்கச் சுவர்களுக்கு நடுவே ஒரு முறையும், தரைக்கும் தளத்துக்கும் நடுவே இன்னொரு முறையுமாக இரட்டித்து எழுகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் வித்வானின் தம்புராவில் மந்தர ஷட்ஜத்தின் அதிர்வெண் சுமார் 65. தொப்பியின் நாதமும் ஏறக்குறைய அந்த வட்டாரத்திலேயே சஞ்சரிப்பது. அந்த நாதம் கும்கியில் வழுக்கி இறங்கும்போதெல்லாம் அறை விழித்துக்கொள்கிறது. முப்பதடி, நாற்பதடி அகன்ற கூடத்திலோ, முதலாவது அதிர்வு காதுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு மேற்பட்டவை நெருங்கி நிரவி நிற்பதால் ஒன்று மட்டும் தலைதூக்குவதில்லை. கடையில் கேட்டது வீட்டில் கேட்காமற்போனதன் ரகசியம் இவ்வளவுதான். வீட்டில் இரண்டு அறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்கள், நீளம், அகலம், உயரம் மூன்றில் எந்த இரண்டும் சமமாகவோ, ஒன்று மற்றதன் இரு மடங்காகவோ இல்லாத அறையைத் தேர்ந்துகொள்வது உத்தமம்.

ஆகவே சிறிய அறைக்கு ஸ்பீக்கர் தேடுகிறவர், எதை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த விட்டுக்கொடுத்தலுக்கு ஒரு நியதியே உண்டு. பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் புதல்வரும், அமெரிக்காவில் ஸ்பீக்கர் உற்பத்தியில் ஈடுபட்டவருமான ஆண்டன் ஹாஃப்மனின் பெயரால் அது வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்நாதம், குறைந்த மின்சக்தியில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டைத்தான் ஒரு ஸ்பீக்கர் தர இயலும் என்பதே அது. 1925இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இரு எஞ்சினீயர்கள், காந்தத்தின் இடுக்கில் அசையும் கம்பிச்சுருளோடு ஒரு கூம்பை ஒட்டி இன்றைய ஸ்பீக்கரின் ஆதி வடிவத்தைச் சமைத்த நாள் முதல், தாழ்நாதம் வேண்டுமென்றால் அலமாரி போன்ற பெட்டி வேண்டும் என்பதே நிலையாக இருந்து வந்தது. 1954இல் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர், காற்றுப் புகாதபடி அடைத்த பெட்டிக்குள் சிறைப்பட்ட காற்றையே கூம்புக்கு ஒரு மெத்தையாக, ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, புத்தக அலமாரியில் வைக்கத்தக்க பெட்டியிலிருந்து ஆழ்ந்த நாதத்தை எழுப்பிக் காட்டினார். அதற்கு அவர் தந்த விலை, முன்னைக் காட்டிலும் மிகுதியான மின்சக்தி. ஹாஃப்மனின் நியதி அப்போதும் மீறப்படவில்லை.

இவ்விஷயத்தில் என் அபிப்பிராயத்தை உருவாக்கியது, ஆங்கிலேய ஒலிபரப்பு நிறுவனமான பி.பி.சி. 1970களின் தொடக்கத்தில் தன் சொந்தத் தேவைக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்னும் சிறு ஸ்பீக்கரின் வரலாறு. வெளியிடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பச் செல்லும் அந்நிறுவனத்தின் மோட்டார் வண்டிகளுக்குள், எஞ்சினீயர் ஒருவர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, மைக்குகளிலிருந்து வரும் ஒலி செம்மையாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஸ்டூடியோவில் வைக்கும் பெரிய பெட்டிக்கு அங்கே இடமில்லை. இருந்தாலும் அந்தக் குறுகிய இடத்தில் அது உண்மை பேசாது. அதே சமயத்தில் அந்நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவினர், ஒரு சங்கீத ஸ்டூடியோவை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டி அதற்குள் சப்தம் எப்படிப் பரவுகிறதென்று பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பரீட்சைக்காகச் செய்த குட்டி ஸ்பீக்கர் எதிர்பாராத அளவுக்கு நன்றாகப் பேசியதால், அதையே ஆதாரமாக வைத்து வண்டிக்கான பெட்டியை உருவாக்கினார்கள். ஹார்வுட், வாட்டன், மில்ஸ் என்னும் மூவர் 1976இல் எழுதிய அறிக்கை அதன் அமைப்பை விவரிக்கிறது.

முப்பது சென்டிமீட்டர் உயரம், பத்தொன்பது அகலம், பதினாறு ஆழம். ஒரு கையால் தூக்கிவிடலாம். பெட்டியின் சுவர்கள் மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகையால் ஆனவை. அவை தாமாக அதிர்ந்து குரலுக்குச் சாயம் பூசிவிடாதபடி, உட்புறத்தில் தார்ப் பட்டைகள் ஒட்டப்பட்டன. பெட்டி முற்றிலும் அடைக்கப்பட்டது. அதன் நாதம் 80 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ அதை அவர்கள் தெரிந்தே கைவிட்டார்கள். கைவிட்டதற்கு ஈடாக அவர்கள் காத்த பொருள் ஒன்று உண்டு: மனிதக் குரல். பக்கத்து அறையில் ஒருவர் பேச, அவர் குரலை நேரிலும் ஸ்பீக்கரிலும் மாறி மாறிக் கேட்டு, இரண்டுக்கும் வேற்றுமை எங்கே என்று தேடுவது அந்நிறுவனத்தாரின் வழக்கம். வாத்தியத்தின் ஒலியில் சற்றே பொய் கலந்தால் நாம் ஏமாறக்கூடும். பிறந்த நாள் முதல் கேட்டுவரும் மனிதக் குரலில் பொய் கலந்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், காது உடனே முகஞ்சுளிக்கும்.

இப்போது என் அறையின் கணக்கை இதனருகே வைத்துப் பாருங்கள். அறை விழித்துக்கொள்ளும் அதிர்வெண்கள் 48, 57. பெட்டி பேசத் தொடங்குவது 80. வண்டிக்காகச் செய்த விட்டுக்கொடுத்தல், பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கென்றே அளவெடுத்ததுபோல் அமைந்துவிடுகிறது. 95, 115 முதலான மேல்வரிசை அதிர்வுகள் எஞ்சியிருக்கத்தான் செய்யும். அவற்றைப் பெட்டி வைக்கும் இடத்தாலும் நாம் உட்காரும் இடத்தாலும் ஓரளவு அடக்கலாம். எல்லோரும் இந்த ஒரு பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அதன் விலை இன்று எளியவர்களுக்கு எட்டுவதல்ல. ஐந்து அல்லது ஆறு அங்குலக் கூம்பும், அடைத்த பெட்டியும், நடு ஸ்தாயியில் நேர்மையும் உடைய சிறு ஸ்பீக்கர்களைப் பல கம்பெனியார் மிதமான விலைக்குச் செய்கிறார்கள். அந்தக் குலத்தில் தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அப்படியானால் தம்புராவின் 65 என்ன ஆவது, அடிநாதமே இல்லாத சங்கீதம் சங்கீதமாகுமா என்ற கேள்வி நியாயமானது. உள்ளங்கையில் அடங்கும் டிரான்ஸிஸ்டர் ரேடியோவில் ஆண்குரலின் அடிநாதம் அநேகமாக வருவதே இல்லை. ஆயினும் பாடுகிறவர் ஆண் என்பதிலோ, எந்தச் சுருதியில் பாடுகிறார் என்பதிலோ நமக்கு ஐயம் தோன்றுவதில்லை. ஒரு நாதத்தோடு பிறக்கும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளைக் கேட்டமாத்திரத்தில், அவற்றுக்குத் தாயான அடிநாதத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. நம் வாத்தியங்கள் இந்த உபரி நாதங்களில் எவ்வளவு செல்வம் படைத்தவை என்பதை உலகுக்கு எடுத்துரைத்தவர் ஸர் சி.வி. ராமன். மிருதங்கத்தின் கரணை என்னும் கரும்பூச்சு தோலுக்குச் செய்யும் மாயம் என்ன, சாதாரணப் பறையில் முறையின்றிச் சிதறும் உபரி நாதங்கள் மிருதங்கத்தில் சுருதியோடு இணங்கி நிற்பது எவ்வாறு என்பதை, சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இலேயே 'நேச்சர்' பத்திரிகையில் அவர் எழுதினார். தம்புராவின் குதிரை மேல் ஜீவாளி நூல் இடும்போது, மீட்டிய தந்தியில் இருக்கவே கூடாதென்று சாஸ்திரம் சொல்லும் நாதங்களும் எழுந்து ஒலிப்பதை அவர் கண்டுகாட்டினார். தம்புராவின் ஜீவன் குடியிருப்பது இந்த உபரி நாதங்களில்தான். அவை மாசின்றி வந்து சேர்ந்தால், 65 சற்றே மெலிந்திருப்பது குறையாகத் தோன்றுவதில்லை. அவை பெரிய பெட்டியின் இரைச்சலில் மூழ்கினால், 65 எவ்வளவு முழங்கினாலும் தம்புரா வெறும் உறுமலாகிவிடுகிறது.

பெட்டியின் பின்புறத்தில் ஒரு குழாய்த்துளை உள்ள ஸ்பீக்கர்களே இன்று கடைகளில் மிகுதி. அத்துளை ஒரு குறிப்பிட்ட எல்லை வரை தாழ்நாதத்துக்குத் துணை செய்து, எல்லைக்குக் கீழே செங்குத்தாக விழவிட்டுவிடும். அடைத்த பெட்டியிலோ நாதம் படிப்படியாகச் சரிந்து இறங்கும். சுவரருகே வைத்தால் எந்தப் பெட்டியின் தாழ்நாதமும் பெருக்கும், இரண்டு சுவர்கள் கூடும் மூலையில் இன்னும் பெருக்கும். சிறிய அறையில் சுவரை விட்டு விலகி ஓடவே இடமில்லை. அதனால் மெல்லச் சரியும் நாதமுடைய அடைத்த பெட்டி, சுவர் தரும் உதவியை அளவோடு பெற்றுச் சமன்படுகிறது. துளைப்பெட்டி ஏற்கெனவே தான் சேர்த்துவைத்ததன் மேல் சுவரின் பங்கும் ஏறித் திணறுகிறது. துளைப்பெட்டிதான் வாங்க நேர்ந்தது என்றால், துளை முன்புறத்தில் அமைந்ததைத் தேடலாம். பின்புறத் துளையைப் பஞ்சாலோ பழைய காலுறையாலோ அடைத்துக் கேட்டுப் பார்ப்பதிலும் தோஷமில்லை.

அறையையும் சற்றுக் கவனிக்க வேண்டும். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையில், பேச்சு புரியாதபடி எதிரொலித்த ஒரு பிரசங்க மண்டபத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு வாலஸ் ஸாபைன் என்னும் இளம் பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. சொன்ன சொல் ஐந்தரை விநாடி வரை மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருந்ததாம். அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவரச் செய்து, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, மெத்தைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறதென்று கடிகாரம் கொண்டு அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். இன்றைய ஒலியியல் சாஸ்திரம் அந்த மெத்தைகளின் மேல் எழுந்தது. நம் வீடுகளின் மொசைக் தரையும் வெள்ளைச் சுவரும் அந்த மண்டபத்தின் உறவினரே. தரையில் கனத்த ஜமக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பான கெட்டித் துணித்திரை, பின்சுவரில் புத்தகங்கள் நெருங்கிய அலமாரி, இவை மூன்றும் இருந்தால் நாகஸ்வரத்தின் உச்ச ஸ்தாயி காதைக் குத்தாது. பக்கச் சுவரில் எந்த இடம் உபத்திரவம் செய்கிறதென்று அறிய எளிய உபாயம் ஒன்றுண்டு: நீங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வேறொருவரைச் சுவரோரமாக ஒரு முகக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போகச் சொல்லுங்கள், கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம் எதுவோ அங்கே ஒரு துணியைத் தொங்கவிடுங்கள். ஆனால் அறை முழுவதையும் மெத்தையால் மூடிவிடுவது தவறு. மெல்லிய துணிகள் உச்ச நாதத்தை மட்டும் குடித்துவிட்டுத் தாழ்நாதத்தைத் தொடாமல் விடுவதால், அறை மங்கலாகிவிடும். இரும்பு பீரோவைப் பொறுத்தவரை, அதை வேறு அறைக்கு மாற்றுவது ஒன்றே வழி.

பெட்டிகளைக் குட்டைச் சுவர் ஒன்றின் முன்னே, அதிலிருந்து ஒன்றரை அடியும் பக்கச் சுவர்களிலிருந்து இரண்டடியும் தள்ளி வைத்தால், இரண்டுக்கும் இடையே ஆறடி கிடைக்கும். கேட்பவர் ஒவ்வொன்றிலிருந்தும் ஆறடி தூரத்தில் உட்கார்ந்தால் சமபக்க முக்கோணம் ஒன்று அமைகிறது. சிறு அறையின் பாக்கியம் இதுதான்: பெட்டிக்கு இவ்வளவு அருகே உட்காரும்போது, சுவரில் பட்டு வரும் ஒலியைக் காட்டிலும் பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலியே மேலோங்கி நிற்கிறது. உயர்நாதம் தரும் ட்வீட்டர் காதின் மட்டத்தில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஸ்டாண்டுகள் நாற்காலியில் உட்காருகிறவருக்காக இரண்டடிக்குச் சற்று மேலாகச் செய்யப்பட்டவை. ஜமக்காளத்தில் சம்மணமிட்டு, மடியில் தாளம் போட்டுக் கேட்கிற நமக்கு அவை உயரம் அதிகம். ஆசாரியிடம் சொல்லி ஒன்றே முக்கால் அடியில் தேக்கில் செய்துகொண்டேன். நடுக்காலைப் பெட்டிபோல் குடைவாக அமைத்து அதில் ஆற்றுமணலை நிரப்பியதால் அது அசைவதுமில்லை, அதிர்வதுமில்லை.

கடையில் கேட்கும்போது கடைக்காரர் போடும் தட்டைக் கேட்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான தட்டுகளையே கொண்டுபோங்கள். எம்.டி. ராமநாதனின் ஆழ்ந்த குரல் எனக்கு உரைகல். சிறு பெட்டி அக்குரலை மார்பிலிருந்து எழுப்புகிறதா, பீப்பாயிலிருந்து எழுப்புகிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பழைய கச்சேரிப் பதிவுகள் பலவும் ஒற்றை மைக்கில் பிடித்தவை. ஆலன் ப்ளும்லைன் என்னும் எஞ்சினீயர் 1931இலேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரிவிட்டார் என்றாலும், நம் வித்வான்களின் குரல் இரட்டைத் தடத்தில் பதிவாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அத்தகைய ஒற்றைத் தடப் பதிவைப் போட்டால், குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நட்ட நடுவில், ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் குவிந்து நிற்க வேண்டும். அது பரவியோ ஒருபுறம் சாய்ந்தோ நின்றால் அந்த ஜோடி ஒத்த ஜோடி அல்ல. கடைசியாக, ஒலியை நன்றாகத் தணித்து, பேசுகிற அளவுக்கும் கீழே கொண்டுவந்து கேளுங்கள். அப்போதும் சாஹித்தியத்தின் எழுத்துகள் தெளிவாக விழுந்தால் அதுவே உங்கள் பெட்டி.

ஆம்ப்ளிஃபயர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறு அடைத்த பெட்டிகள் சற்று மந்தமானவை. ஒரு வாட்டில் 83 டெசிபல் தரும் பெட்டிக்கும் 89 தரும் பெட்டிக்கும், ஒரே அளவு சப்தத்துக்கு வேண்டிய சக்தியில் நான்கு மடங்கு வித்தியாசம். ஆயினும் ஆறடி தூரத்தில் கேட்பவருக்கு ஐம்பது வாட் தாராளம். சப்வூஃபர் என்னும் தனிப் பெட்டியை இந்த அளவு அறையில் சேர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. சிரமப்பட்டு வெளியே நிறுத்திய 48ஐயும் 57ஐயும் அது மீண்டும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவரும். என்னைப்போல் கடற்கரையை அடுத்த ஊரில் இருப்பவர்கள் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும். நுரைப்பஞ்சு விளிம்பு சில வருஷங்களில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்கும்.

இப்போது என் அறையின் மொசைக் தரையில், ஸ்டாண்டுகளின் காலடியைச் சுற்றி நான்கு சாக்பீஸ் கோடுகள் இருக்கின்றன. பெரியவரும் நானுமாக மூன்று மாலைகள் பெட்டிகளை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, தொப்பியும் குரலும் ஒன்றையொன்று மறைக்காத இடம் அகப்பட்டதும் போட்ட கோடுகள் அவை. காலையில் அறையைப் பெருக்குவதற்காக ஸ்டாண்டுகளை நகர்த்துகிறோம். மாலையில் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, விளக்கைப் போட்டு, கோட்டுக்குள் ஸ்டாண்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜமக்காளத்தில் தமக்குரிய இடத்தில் உட்காருகிறார்.